வெளிச்சம் படாத நாற்பது படங்கள்

அந்தத் தெருவில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'நூறு வருஷம்' என்று கேட்டால், கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே மாடிப்படியைக் காட்டுவார். புகைப்படங்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுப்பது அவள் தொழில். படியேறி வருகிறவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்பே, தன் பிரிண்ட் நூறு வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அப்படி வந்த பட்டம். சூட்டியது கூடவே வேலை செய்யும் நாத்தனார். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் கணவருக்கு இதில் தனி வேடிக்கை. நூறு வருஷம் கழித்துச் சரிபார்க்க விற்றவளும் இருக்க மாட்டாள், வாங்கினவரும் இருக்க மாட்டார், இதைவிடப் பத்திரமான வியாபாரம் உலகத்தில் உண்டா என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்பார்.

அவள் அதற்குச் சிரித்ததில்லை. சொந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் நடந்த ஒன்று அவளைச் சிரிக்க விட்டதில்லை.

படிப்பு முடித்த கையோடு ஒரு கலர் லேபில் சேர்ந்து எட்டு வருஷம் வேலை பார்த்தாள். ரசாயனத் தொட்டிகளுக்கு நடுவே நின்று நின்று விரல் நுனித் தோல் உரிந்தது. தொட்டி கழுவிய தண்ணீர் பின்பக்கத்துச் சாக்கடையில் நிறம் நிறமாகப் போவதைத் தினமும் பார்த்தாள். ஒருநாள் ஒரு பெண் தன் பிள்ளை முதன்முதலில் எழுந்து நின்றபோது எடுத்த படத்தைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அங்கேயே போட்ட பிரிண்ட். பிள்ளையின் சட்டை எது, பின்னால் இருந்த சுவர் எது என்று தெரியாமல் வெளிறிப் போயிருந்தது. மேனேஜர் படத்தைக் கையில்கூட வாங்கவில்லை. வீட்டில் வெயில் பட்டிருக்கும், நாங்கள் என்ன செய்வது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கவுண்டரில் நின்றிருந்தவள் இவள்தான். "ஆமா மேடம்" என்று ஒத்தும் ஊதினாள். அந்த 'ஆமா மேடம்' பிறகு தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டாள்.

சொந்தமாக ஆரம்பித்தபோது இரண்டு பிடிவாதம் வைத்துக்கொண்டாள். இங்கிருந்து போகிற படம் கெடக் கூடாது. இங்கிருந்து ஒரு துரும்பும் குப்பைக்குப் போகக் கூடாது.

முதலாவதற்காக, தையல் ஆலைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் ஒரு மில்லைத் தேடிப் பிடித்தாள். மரக்கூழ் கலக்காத, அமிலம் இல்லாத காகிதம். தடவிப் பார்த்தால் துவைத்துக் காய்ந்த துணி போல இருக்கும். சாய மை சீக்கிரம் வெளுக்கும் என்று நிறமித் தூளில் செய்த மையை வாங்கினாள். அட்டையில் ஒட்டுவதற்கு அவளே காய்ச்சும் கோதுமைப் பசை. ஜன்னல்களுக்குக் கனத்த கறுப்புத் திரை, பகல் முழுவதும் மூடியபடி. இரண்டாவதற்காக அவள் செய்ததெல்லாம் நாத்தனாரின் வாய்க்குத் தீனி. வெட்டிய காகித ஓரம் சோதனைத் துண்டாகும். சோதனைத் துண்டு பெயர்ச்சீட்டாகும். பெயர்ச்சீட்டு கிழிந்தால் சாக்கில் சேர்ந்து மில்லுக்கே திரும்பும்.

"அண்ணிகிட்ட உஷாரா இருக்கணும். ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்தா நம்மளயும் கூழாக்கி மில்லுக்கு அனுப்பிடுவாங்க" என்று வருகிறவர்களிடம் சொல்வாள் நாத்தனார். பெட்டி செய்வது, அடுக்குவது, கட்டி அனுப்புவது அவள் பொறுப்பு. பெட்டி மூடியின் உட்புறத்தில் அவள் கையெழுத்தில் இரண்டு வரி இருக்கும்: இருட்டில் வையுங்கள். வீணாகத் திறக்காதீர்கள்.

கிரேன்காரர் முதன்முதலில் அந்தப் படியேறி வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், மதிய இடைவேளையில் கீழே இறங்கி ஏற அலுப்பாக இருந்ததால் ஒரு கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே கீழே நடப்பதை எடுத்தார். மழையில் நனைந்த கப்பல் தளம். சுருண்டு கிடக்கும் கயிறு. வரிசையாக நடக்கும் குடைகள், குடைக்குக் கீழே ஆள் இருப்பதற்கு அடையாளம் இரண்டு செருப்பு நுனி. பறக்கிற வெள்ளைப் பறவையின் முதுகு. பறவையின் வயிற்றைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்த மனிதர் முதுகைப் பார்த்தவர்.

ஆயிரக்கணக்கில் இருந்தவற்றை இருவருமாக ஒரு மாதம் உட்கார்ந்து கழித்துக் கழித்து நாற்பதாக்கினார்கள். அச்சிட்டு முடித்ததும், வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னாள். ஹார்ட் டிஸ்க் ஐந்து வருஷத்தில் செத்துவிடும். கம்ப்யூட்டரில் தூங்குகிற படத்துக்காக மின்சாரம் செலவழிப்பது பாவம். ஒரு வருஷம் வைத்திருந்து நான் அழித்துவிடுவேன். "இனிமே இந்தக் காகிதம்தான் ஐயா மூலம்" என்றாள். அவர் பெட்டியைக் கைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தப் பெட்டியோடுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மறுபடி வந்தார். மேஜையில் வைத்தார். உட்காரவில்லை.

"தொறந்து பாருங்கம்மா."

திறந்தாள். மேலே இருந்தது பறவைப் படம். வெள்ளை முதுகு இருக்க வேண்டிய இடத்தில், தேநீரில் முக்கி எடுத்தது போல ஒரு பழுப்பு மஞ்சள். முதலில் மேலே ஏதோ மஞ்சள் தாள் வைத்திருக்கிறார் என்று நினைத்து நகத்தால் தூக்கப் பார்த்தாள். தாள் இல்லை. படமேதான். அடுத்ததை எடுத்தாள். அடுத்ததை. மையின் கறுப்பும் நீலமும் அச்சிட்ட அன்று போலவே இருந்தன. காகிதம் மட்டும் கெட்டுப் போயிருந்தது. பின்னால் வந்து நின்ற நாத்தனார், பேச வாயெடுத்து அப்படியே மூடிக்கொண்டாள். அவள் வாய் தானாக மூடியது அந்த மாடியில் அதுதான் முதல் தடவை.

"எங்க வெச்சிருந்தீங்க ஐயா?"

கேட்ட மறு நொடியே தன் குரலில் அந்தப் பழைய மேனேஜர் பேசுவது அவளுக்குக் கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்ன எடத்துலதான்" என்றார் அவர். "பீரோவுக்குள்ள. இருட்டுல. நாலு வருஷமா தொறக்கவே இல்ல."

துறைமுக அலுவலகத்தின் புதிய கூடத்தில் இந்த நாற்பதையும் மாட்டக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போய் அதற்கடுத்த ஞாயிறு. கீழே கயிறு கட்டினவர்கள், குடை பிடித்து நடந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியாகிவிட்டது. எடுத்துத் துடைத்து வைப்போம் என்று நேற்றுத்தான் திறந்திருக்கிறார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவர் நடந்ததைச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார்.

மூலப் படங்கள் அவரிடம் இருக்குமல்லவா என்று கேட்டாள்.

"லேப்டாப்ப பேத்திக்குக் குடுத்துட்டேன். எல்லாத்தையும் துடைச்சுட்டுத்தான் குடுத்தேன். காகிதம்தான் மூலம்னு நீங்கதானம்மா சொன்னீங்க." பெட்டியைத் தொட்டு, "இந்த நாப்பதுதான். வேற எங்கயும் இல்ல" என்றார்.

பெட்டியை விட்டுவிட்டு அவர் படி இறங்கிப் போனார். அவள் நாற்பதையும் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வைத்தாள்.

இதையே கம்ப்யூட்டரில் வெளுத்துப் புதிதாக அடித்துக் கொடுத்துவிடலாமே, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்றாள் நாத்தனார். அண்ணி கம்ப்யூட்டர் திரையில் பறவையைப் பெரிதாக்கிக் காட்டினாள். அந்த முதுகில் வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே ஏழெட்டு வெள்ளைகள் இருந்தன, இறகு இறகாக. மஞ்சள் அவற்றையெல்லாம் விழுங்கி ஒரே பூச்சாக்கியிருந்தது. மஞ்சளை எடுத்தால் சுண்ணாம்பு அடித்த சுவர்தான் மிஞ்சியது. நாத்தனார் பார்த்துவிட்டு, "இது பறவ மாதிரியே இல்ல, தலகாணி மாதிரி இருக்கு" என்றாள்.

இரண்டு நாள் காரணம் தேடினாள். அதே வருஷம் வாங்கிய அதே கட்டுக் காகிதம் அலமாரியில் மிச்சம் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று இருந்தது. மையில் குற்றம் இல்லை. பசை இந்தப் படங்களில் படவே இல்லை. வியாழக்கிழமை, கூட்டித் துடைத்த தரையில் நாற்பதையும் பெட்டியில் இருந்த வரிசையிலேயே பரப்பினாள். தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலே இருந்த சிலவும் அடியில் இருந்த சிலவும் முழுக்க மஞ்சள். நடுவில் இருந்தவற்றில் ஓரம் மட்டும், சட்டம் போட்டது போல. மஞ்சள் படத்திலிருந்து வரவில்லை. வெளியிலிருந்து உள்ளே போயிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது கயிற்றுப் படம். அதன்மேல் மட்டும் மெல்லிய கோடுகள், சீப்பால் வாரியது போல, ஒரே இடைவெளியில். அவள் பெட்டியை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தை ஓரத்திலிருந்து உரித்தாள். கீழே பழுப்பு நெளி அட்டை. அச்சு இயந்திரம் வந்த பழைய பெட்டியை வெட்டிச் செய்தது. அதன் நெளிவுக்கும் படத்தின் கோட்டுக்கும் ஸ்கேலை வைத்து அளந்தாள். மயிரிழை வித்தியாசம் இல்லை.

நாத்தனார் பக்கத்தில் குந்தியிருந்தாள். பெட்டி அவள் கையால் செய்தது.

"அன்னைக்கே கேட்டேன் அண்ணி. பழைய அட்டை பரவால்லையான்னு."

"கேட்ட."

"உள்ள நம்ம காகிதத்த ஒட்டிட்டா போதும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

அமிலமில்லாத புது அட்டைப்பெட்டிகள் பிளாஸ்டிக் சுற்றி வந்ததால் அவற்றை வேண்டாம் என்று நிறுத்தியவள் அவள்தான். கிரேன்காரரின் பெட்டிதான் அப்படிச் செய்த முதல் பெட்டி. எதையும் தூக்கிப் போடுவதில்லை என்று அதற்குப் பிறகு செய்த பெட்டிகளைத் திறந்து எத்தனை பேரிடம் காட்டியிருப்பாள். ஒரு பிடிவாதம் இன்னொரு பிடிவாதத்தை நாலு வருஷமாக இருட்டுக்குள் உட்கார்ந்து தின்றிருக்கிறது. காவலுக்கு வைத்த பெட்டியே திருடியிருக்கிறது. அதைத் திறக்காதே என்று வேறு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை எதுவும் ஓடவில்லை. கோடுகளைப் பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்கலாம் என்று கயிற்றுப் படத்தை நாத்தனார் ஜன்னல் மேஜைக்குக் கொண்டுபோனாள், திரையை விலக்கினாள், எஃகு ஸ்கேலை மேலே வைத்து அளந்தாள். நடுவில் போன் வந்தது. பேசிக்கொண்டே படி இறங்கினாள். இருட்டிய பிறகு, விலகிய திரையைக் கவனிக்காமல் இருவரும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை கதவைத் திறந்ததும் அவளுக்குக் கண் கூசியது. பதினொரு வருஷத்தில் அந்த அறையை அவ்வளவு வெளிச்சமாகப் பார்த்ததில்லை. திரை விலகிக் கிடந்தது. மேஜையில், இரண்டு முழு நாள் வெயிலில், கயிற்றுப் படம். கெட்டது போதாதென்று இதுவும் சேர்ந்ததா என்று நினைத்தாள். நாத்தனாரைத் திட்டுவதற்கு வார்த்தை திரட்டிக்கொண்டே போய், படத்தை எடுப்பதற்காக ஸ்கேலைத் தூக்கினாள்.

ஸ்கேல் இருந்த இடத்தில் ஸ்கேலின் அளவுக்கு ஒரு மஞ்சள் பட்டை. அதைச் சுற்றி மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. காகிதம் வெளுத்திருந்தது, மை வெளுக்கவில்லை. கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் அதனதன் கறுப்போடு அப்படியே இருந்தது.

திரட்டி வைத்த வார்த்தையெல்லாம் எங்கோ போய்விட்டது. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், எடுத்துப் பார்த்தாள். நாத்தனார் உள்ளே வந்து, திறந்திருந்த திரையைப் பார்த்து, அண்ணியின் முகத்தைப் பார்த்து, வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"திட்டுறதுன்னா சீக்கிரம் திட்டிடுங்க அண்ணி. இப்படிப் பார்க்காதீங்க, பயமா இருக்கு."

"இங்க வா."

"அங்கயிருந்தே சொல்லுங்க."

"வந்து பாரு."

மில்லின் ஆய்வகத்தில் இருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள். பழைய அட்டை, சில டேப்புகள், ஸ்பாஞ்சு எல்லாமே ஏதோ ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும், மையைப் பிடிப்பதற்காகக் காகிதத்தின் மேல் பூசும் பூச்சு அதையும் சேர்த்துக் குடிக்கும், மூடிய இருட்டில் அது மஞ்சளாகும் என்று அந்தப் பெண் விளக்கினாள். வெளிச்சம் அந்த மஞ்சளை உடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எவ்வளவு நாள், எந்தப் படத்துக்கு எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. அளவு மீறினால் வெயில் வெயிலின் வேலையைச் செய்யும். நான் சொன்னேன் என்று செய்யாதீர்கள் என்று முடித்துக்கொண்டாள்.

அன்று மதியமே கிரேன்காரர் வீட்டுக்குப் போனாள். பேருந்தில் போகும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியங்கள் அவர் கதவைத் திறந்ததும் மறந்துபோயின. உரித்த பெட்டியை அவர் முன் வைத்து, தப்பு அட்டையில் இருக்கிறது, அட்டையைத் தேர்ந்தெடுத்தது நான் என்றாள். நெளிவுகளைக் காட்டினாள். இப்போது செய்ய நினைப்பதையும், அது எங்கே தவறலாம் என்பதையும் சொன்னாள். அவர் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நெளிவின் மேல் விரலை ஓட்டினார்.

"ஆக, வெயில்ல காயப் போடணும்ங்கறீங்க."

"கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம், கொஞ்சம் கொஞ்சமா. ஆனா ஒண்ணு ரெண்டு போனாலும் போகலாம் ஐயா. நீங்க வேணாம்னா தொடமாட்டேன்."

"இருபத்தாறு வருஷம் அந்தக் கூண்டுல வெந்து எடுத்த படம்மா இது. அதுக்கு வெயில் என்ன புதுசா" என்றார். அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "பறவைய மட்டும் கடைசியா வெய்யுங்க. மத்தது எப்படி வருதுன்னு பாத்துட்டு" என்றார்.

செவ்வாயிலிருந்து அந்த மாடி தலைகீழாகிவிட்டது. திரைகளைக் கழற்றி மடித்து வைத்தார்கள். மேஜைகளையெல்லாம் ஜன்னலோரம் இழுத்தார்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் ஒரு மூலையைக் கறுப்புத் தாளால் மூடி, மணிக்கு ஒரு முறை தாளைத் தூக்கி, மூடிய இடத்தையும் மூடாத இடத்தையும் ஒப்பிட்டாள். மஞ்சள் போய்க்கொண்டிருக்கிறதா, மை நிற்கிறதா என்று கண் வலிக்கப் பார்த்தாள். போதும் என்று தோன்றியதை உடனே எடுத்துவிடுவாள். பதினொரு வருஷமாகத் திரையை மூடு மூடு என்று உயிரை எடுத்தவர், இப்போது மேகம் வந்தால் வானத்தைத் திட்டுகிறார் என்று நாத்தனார் தன் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நடுவே கிடைத்த இடைவெளியில் இன்னொரு வேலை. அந்த நாலு வருஷத்தில் பழைய அட்டைப் பெட்டியில் போன படங்கள் அறுபத்து மூன்று வீடுகளில் இருந்தன. பெட்டி மாற்றித் தருகிறோம் என்று மட்டும் சொன்னால் போதாதா, காரணம் எதற்கு என்றார் கணவர். "காரணம் சொல்லாம மாத்தினா, அது 'ஆமா மேடம்'தாங்க" என்றாள். அந்தக் கதை அவருக்குத் தெரியும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து பாதிப் பேருக்கு அவரே போன் செய்தார்.

சிலர் கத்தினார்கள். சிலருக்கு விஷயமே புரியவில்லை. ஒருவர், திறக்காதே என்று எழுதியிருந்ததால் பெட்டியைத் திறந்ததே இல்லை என்று பெருமையோடு சொன்னார், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பல் டாக்டரம்மா மட்டும் ரொம்பத் தயங்கினார். அவர் பெட்டியை அன்றே தூக்கிப் போட்டுவிட்டு, படத்தைச் சமையலறையில் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருக்கிறார். "நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றார். படம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வெள்ளையாகத்தான் இருக்கிறது, ஏன் என்றார். போனை வைத்துவிட்டு அவள் நாத்தனாரைப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்டவர்கள் வீட்டில் மஞ்சள். கேட்காதவர் வீட்டில் வெள்ளை. இருவருக்கும் சிரிக்கவும் வரவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

பறவையை வியாழக்கிழமை காலையில் வைத்தாள். அன்று அவள் வேறு எந்த வேலையும் செய்யவில்லை. பதினொன்றரைக்கு முதுகின் ஓரத்தில் ஒரு இறகு பிரிந்து தெரிந்தது. மூன்று மணிக்கு ஏழு. நாலரைக்கு மூலையின் கறுப்புத் தாளை உரித்துவிட்டுப் படத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அந்த மூலையும் சரியாகட்டும் என்று இன்னொரு மணி நேரம் வைக்கத் தைரியம் இல்லை. மாட்டும்போது அந்த மூலை சட்டத்துக்குள் மறைந்துவிடும் என்று அளந்து பார்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கிரேன்காரர் வந்து ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். பறவையைப் பார்த்தவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். முப்பத்தொன்பது ஒரு பக்கம் சேர்ந்தன. கயிற்றுப் படம் மட்டும் கையில் நின்றது. இரண்டு நாள் வெயிலுக்குப் பிறகும், ஸ்கேல் பட்டையைத் தனியாகக் காயவைத்த பிறகும், அதில் கோடுகள் லேசாக இருந்தன. இதற்கு மேல் வைத்தால் மை போய்விடும் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அவரைப் பார்க்கவில்லை.

அவர் சுற்றிலும் சுவரைப் பார்த்தார். நாலு பக்கமும் மொட்டைச் சுவர். படம் அச்சிடுகிற இடத்தில் ஒரு படம்கூட இல்லை. வெளிச்சம் படும் என்று அவள் எதையும் மாட்டியதில்லை.

"அங்க முப்பத்தொம்பது போதும்" என்றார். "இது இங்க இருக்கட்டும். உள்ள வெக்காதீங்க. மாட்டுங்க."

தண்டனையா பரிசா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் முகத்தில் தேடிப் பார்த்தாள். அவர் அதற்குள் முப்பத்தொன்பதையும் எப்படிப் பேருந்தில் கொண்டுபோவது என்ற கவலைக்குப் போய்விட்டார். புதிதாக வாங்கிய அமிலமில்லாத அட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள் நாத்தனார்.

அவர் போன பிறகு கீழே மருந்துக்கடைக்காரரிடம் சுத்தியல் இரவல் வாங்கி வந்தார்கள். உள் அறையில் மாட்டலாம் அண்ணி, வருகிறவர்களெல்லாம் அது என்ன கோடு என்று கேட்பார்கள் என்றாள் நாத்தனார். அவள் வாசலுக்கு நேர் எதிரே சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது ஆணிக்குச் சுண்ணாம்பு ஒரு பிடி பெயர்ந்து தரையில் கொட்டியது. மூன்றாவது நின்றது. சட்டத்தை மாட்டி நேராக்கிக்கொண்டிருக்கும்போதே படியில் காலடிச் சத்தம் கேட்டது. தன் பழைய அட்டைப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரோ ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவள் சுத்தியலை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வந்தவருக்கு முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.